இரண்டு பேர் குந்தியிருக்கும் கூடாரம்

பிளாட் புஷ், ஒக்லண்ட்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி சஞ்சீவனுக்கு,

நானும் கீதனும் மகளும் நல்ல சுகம். உன் முதுகு நோ எப்படி? இரவு முழுக்க லொறி ஓட்டிவிட்டுப் பகலில் ஒழுங்காக நித்திரை கொள்கிறாயா? அக்கா என்ன புதிதாக ஈமெயில் எழுதுகிறா என்று யோசிக்காதே. நான் விழித்திருக்கும்போது நீ லொறி ஓட்டுகிறாய். போன் எடுத்தால் கீதன் பக்கத்தில் இருந்து குறுக்கே கதைப்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை தவறிக் குடும்பக் குறூப்புக்குப் போய்விடுகிறது.

சற்குணம் மாமியின் மகள் கம்சாயினியும் கணவன் ஆதவனும் பெப்ரவரியில் வந்துசேர்ந்தார்கள். நீ கேட்டபடி எங்களோடுதான் வைத்திருக்கிறோம். அவள் யூனிவர்சிட்டியில் மேற்படிப்பு. அவனுக்குப் பென்ரோஸில் ஒரு வெயாஹவுஸில் இரவு வேலை. மாமி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுக்கிறா. “பிள்ளைக்கு இருக்க இடம் குடுத்தனி, நீ நல்லாயிருப்பாய்” என்று வைக்கும்போது சொல்லாமல் வைப்பதில்லை.

இன்னொரு விஷயம். ஜனவரியில் நீ ஒரு படம் அனுப்பினாய், உறைந்த ஏரிமேல் கூடாரம் போட்டு அதற்குள் இருந்து மீன் பிடிக்கிற படம். வெளியே மைனஸ் இருபது என்றாய். நீயோ உள்ளே ரீசேட்டோடு இருந்தாய். அந்த மாதிரி, இரண்டு பேருக்கான கூடாரம் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? கீதனும் வேலை நண்பர் ஒருவரும் இங்கத்தைய குளிர்காலத்தில், ஜூன் ஜூலையில், மீன் பிடிக்கப் போகிற எண்ணம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
நிசாந்தினி அக்கா

பாரி, ஒன்ராறியோ
11 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். முதுகு அப்படியே இருக்கிறது, லொறியும் அப்படியே இருக்கிறது. மருமகள் பிரணவி எப்படி?

உங்கள் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தேன். ஒக்லண்டில் ஐஸ் ஃபிரிட்ஜுக்குள் மட்டும்தானே இருக்கிறது. அத்தான் அதைத் திறந்தா தூண்டில் போடப்போகிறார்?

சரி, சொல்கிறேன். இரண்டு வகை உண்டு. ஒன்று சறுக்குத் தொட்டியோடு வருவது. தொட்டியை ஏரிக்கு இழுத்துப்போய் அதிலேயே உட்கார்ந்து, பின்னால் மடிந்து கிடக்கும் மூடியைத் தலைக்கு மேலால் இழுத்து மூடவேண்டும். பாரம். மற்றது குடை மாதிரி. பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் பிடித்து வெளியே இழுத்தால் டக்கென்று நிமிரும். அதை வாங்குங்கள். ஒற்றைத் துணியில் வருவது மலிவு, ஆனால் மூச்சுக்காற்று பட்டு நீராகி உச்சந்தலையில் சொட்டும். பஞ்சு வைத்துத் தைத்ததுதான் சரி.

பெட்டியில் ‘இரண்டு பேர்’ என்று போட்டிருப்பதை நம்பவேண்டாம். இரண்டு பேர் ஸ்ரூலில் குந்தியிருக்கத்தான். ஆறடிக்கு ஆறடி.

முக்கியமானது இதுதான். மேலே இரண்டு காற்றுத் துவாரங்கள் இருக்கும். அவற்றை மூடக்கூடாது. நான் சின்ன காஸ் ஹீற்றர் போடுவேன். ஆனால் இரண்டு துவாரத்தையும் திறந்து, கதவு ஸிப்பையும் ஒரு சாண் திறந்து வைப்பேன். அப்போதும் கண்ணை மூடமாட்டேன். பஞ்சுக் கூடாரத்துக்குள் அந்தப் புகை நின்றால் மணம் தெரியாது. நித்திரை வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அத்தானிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இங்கே சீசன் முடிந்து கழிவு விலை போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

அன்புடன்
சஞ்சீவன்

பிளாட் புஷ்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இரவில் குளிர் தொடங்கிவிட்டது. கம்சாயினிக்குக் கொஞ்சம் இருமல், மற்றப்படி ஒன்றுமில்லை.

நீ விளக்கமாக எழுதியது நல்லது. குடை மாதிரி வருவதே வேண்டும், பஞ்சு வைத்தது. சில கேள்விகள். அதற்கு அடிப்பக்கம் தரை உண்டா? கொங்கிறீற் தரையில் போட்டால் நிற்குமா? ஒருமுறை போட்டால் கழற்றாமல் எத்தனை நாள் வைக்கலாம், இரண்டு மூன்று மாதம் நிற்குமா? ஆறடி என்றால் டபிள் மெத்தை உள்ளே போகுமா? மூலைக்கு மூலை போட்டாலும் பரவாயில்லை.

கீதனின் நண்பர்தான் இதெல்லாம் கேட்கிறார்.

விலையைப் பார்த்து எழுது.
அக்கா

பாரி
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று நினைக்கிறேன். பதில் பிந்திவிட்டது, வேலை.

தரை இல்லை. ஐஸில் துளை போடவேண்டும் என்பதால் தரை வைப்பதில்லை. ரப்பர் பாய் வாங்கி விரிக்கலாம். சுற்றிவர ஒரு பாவாடை மாதிரித் துணி தொங்கும், அதன்மேல் பனியை அள்ளிப் போடுவோம். கூடாரத்தை ஐஸில் முறுக்கி நிறுத்துகிற திருகாணி கொங்கிறீற்றில் இறங்காது. அந்தத் துணியின்மேல் தண்ணீர்ப் போத்தல்களை வைத்தால் நிற்கும். மூன்று மாதம் நிற்கும். மெத்தை போகும், ஆனால் ஒரு ஓரம் மடங்கும்.

ஒன்று வாங்கிவிட்டேன். அங்கே உங்களுக்குக் கிட்ட பாபகூராவில் இருக்கும் மலேசியாக்காரர் ஜெயபாலன் அங்கிள் இங்கே ஒரு கலியாணத்துக்கு வந்திருந்தார், திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிட்டேன். பதினைந்து கிலோ. முணுமுணுக்காமல் தூக்கிக்கொண்டு போனார். பணத்தைப் பற்றி எழுதவேண்டாம்.

துவாரம், காஸ் இரண்டையும் திரும்பவும் சொல்கிறேன். சொன்னீர்களா?

கம்சாயினிக்கு எந்த அறை கொடுத்தீர்கள்? பிரணவியின் அறைக்குப் பக்கத்து அறையா?

சஞ்சீவன்

பிளாட் புஷ்
15 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும். கூடாரம் வந்துசேர்ந்தது. நீ சொன்னபடி டக்கென்று நிமிர்ந்தது, பிரணவி கைதட்டினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வகுப்புச் சுவரில் பிள்ளைகளின் படங்களை ஒட்டியிருந்தார்கள். பிரணவி ஒரு கறுப்புக் கூடாரம், பக்கத்தில் எங்கள் கார், உள்ளே ஒரு பெண் என்று கீறியிருந்தாள். கீழே ஆங்கிலத்தில், கம்சி அக்கா எங்கள் கராஜில் ஒவ்வொரு இரவும் காம்பிங் போகிறா என்று எழுதியிருந்தாள். ரீச்சர் அதற்கு நட்சத்திரம் குத்தியிருந்தா.

இனி உனக்கு ஒளித்து என்ன. கராஜில்தான் வைத்திருக்கிறோம். மேலே நான்கு அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று பிரணவிக்கு, ஒன்றில் கீதன் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், ஒன்றில் முதலே வந்த இரண்டு மாணவர்கள். மோட்கேஜ் வட்டி ஏறிய பிறகு அவர்கள் இல்லாமல் முடியாது. கராஜுக்கு வாடகை குறைவாகத்தான் வாங்குகிறோம். ஆனால் ரோலர் கதவுக்குக் கீழால் காற்று வருகிறது, சுவரெல்லாம் ஈரம், அவளின் இருமல் மேலே கேட்கத் தொடங்கிவிட்டது. அதனால்தான் உன்னிடம் கேட்டேன். மீன் பிடிக்க யாரும் போகவில்லை.

படத்துக்கு முன்னால் நான் நிற்க, எங்கள் தெரு நிருஜா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: “நிசா, இது நல்ல ஐடியாவாக் கிடக்கு. எங்கட கராஜிலயும் ரெண்டு பெடியள் இருக்கினம், ஈரம் ஈரம் எண்டு ஒரே புறுபுறுப்பு. தம்பியிட்டச் சொல்லி எனக்கும் ஒண்டு எடுத்துத் தாவன்.”

வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு முதலில் ஆறுதல் வந்தது. நான் மட்டும் இல்லையே என்று. அதைத்தான் உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

மாமிக்குத் தெரியாது. சொல்லாதே.
அக்கா

பாரி
22 ஜூன் 2025

அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க மனம் வரவில்லை.

2009 இல் நான் கனடாவுக்கு வந்தபோது அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஸ்காபரோவில் நிலத்துக்குக் கீழே பேஸ்மன்ற்றில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் என்னைப் படுக்கவிட்டார். யன்னல் இல்லை. காசும் வாங்கினார், ‘எங்கட பெடியன்தானே, உதவி செய்யிறன்’ என்று கோயிலில் சொல்லியும் திரிந்தார். அதை உங்களுக்குச் சொன்னபோது போனில் அழுதீர்கள். “உவங்கள் மனிசரோ” என்று கேட்டீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

95 இல் போரில் இடம்பெயர்ந்து மீசாலைக்குப் போனோம். எனக்கு ஆறு வயது, உங்களுக்குப் பத்து. சற்குணம் மாமி வீட்டில் கதவு போட்ட அறை ஒன்றுதான் இருந்தது. அதை எங்கள் ஆறு பேருக்கும் விட்டுவிட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரி அடுப்படியில் சாக்கை விரித்துப் படுத்தா. ஐந்து மாதம். அந்த வயிற்றில் இருந்தவளைத்தான் நீங்கள் காருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்.

நிருஜாவுக்கு நான் எதுவும் வாங்கித்தரமாட்டேன். வேண்டுமென்றால் அவவே போய் அதற்குள் படுக்கட்டும்.

துவாரத்தை மூடக்கூடாது, காஸ் ஹீற்றர் கூடாது என்று கம்சாயினியிடம் சொன்னீர்களா? மூன்றாம் முறை கேட்கிறேன்.

சஞ்சீவன்

பாரி
6 ஜூலை 2025

அக்காவுக்கு,

இரண்டு கிழமையாகப் பதில் இல்லை. கோபமென்றால் இருக்கட்டும். துவார விஷயம் சொன்னீர்களா இல்லையா என்று மட்டும் ஒரு சொல் எழுதுங்கள்.

சஞ்சீவன்

பிளாட் புஷ்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஜூலை இருபது, ஞாயிறு. ஆதவன் வேலை முடிந்து காலை ஏழரைக்கு வந்து கராஜ் கதவைத் தட்டியிருக்கிறான். திறக்கவில்லை. எங்கள் மணியை அடித்தான். வீட்டுக்குள்ளால் போய்க் கூடாரத்தின் ஸிப்பை இழுத்தால் வெக்கை முகத்தில் அடித்தது. மெத்தையில் புத்தகம் விரித்தபடி கிடக்கிறது, பக்கத்தில் சின்ன காஸ் ஹீற்றர் எரிகிறது. அவள் சத்தி எடுத்து அதன்மேலேயே கிடந்தாள். தூக்கினால் கால் நிற்கவில்லை. மேலே பார்த்தேன். இரண்டு துவாரத்துக்குள்ளும் துணி அடைத்திருந்தாள்.

நான் சொல்லவில்லை. அதுதான் உன் கேள்விக்குப் பதில்.

ஏன் என்றும் எழுதுகிறேன். மின்சார ஹீற்றரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போடவேண்டாம் என்று மே மாதமே அவளுக்குச் சொல்லிவிட்டேன். பில் வந்தால் கீதன் முகம் கறுக்கும். பிறகு போய்க் காஸும் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? “அப்ப எதைப் போடுறது அக்கா” என்று கேட்பாள். கேட்கமாட்டாள், சும்மா பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நாளைக்குச் சொல்வோம் நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். உன் கடிதங்கள் வரும்போதெல்லாம் வாசித்துவிட்டு மூடினேன்.

இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள், எங்கே வைத்து ஹீற்றர் போட்டீர்கள் என்று. கம்சாயினி ஒக்சிசன் முகமூடியை விலக்கி, ‘காம்பிங்’ என்றாள். என்னைக் காப்பாற்றத்தான். ஜூலை மாதத்திலா, எங்கே என்று தாதி கேட்டாள். அவளுக்கு இங்கே ஓர் இடமும் தெரியாது. பென்ரோஸ், யூனிவர்சிட்டி, எங்கள் கராஜ், அவ்வளவுதான். என்னைப் பார்த்தாள்.

நான் ‘ஹுனுவா காட்டில்’ என்றேன். தாதி எழுதிக்கொண்டாள். கம்சாயினி முகமூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

இரண்டு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். இப்போது பிரணவியின் அறையில் படுக்கிறார்கள், பிரணவி எங்களோடு. ஞாயிறு மாமி எடுத்தபோது, சின்னக் காய்ச்சல் என்று சொன்னேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
நிசாந்தினி

பாரி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இந்த முறை உண்மையாகக் கேட்கிறேன்.

ஏரியில் கொங்கிறீற் இல்லை. ஏப்ரலில் உங்கள் இரண்டாவது கடிதத்தை வாசித்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. கொங்கிறீற், டபிள் மெத்தை, மூன்று மாதம் என்று எழுதியிருந்தீர்கள். இதை விளங்காதவன் மீன்கூடப் பிடிக்கமாட்டான். மூன்று கிழமை பதில் போடாமல் இருந்தது வேலையால் இல்லை. விளங்காத மாதிரியே இருப்போம் என்று முடிவெடுக்க மூன்று கிழமை எடுத்தது. பிறகு போத்தலை வையுங்கள், பாயை விரியுங்கள் என்று எழுதினேன். எந்த அறை என்று தெரியாதவன் போலக் கேட்டேன். ஜூனில் நீங்கள் ஒப்புக்கொண்டதும் அன்றுதான் கேள்விப்பட்டவன் போலத் துள்ளினேன். அந்தக் கோபம் நடிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது உங்கள்மேல் மட்டும் வந்த கோபம் இல்லை.

துவாரத்தைப் பற்றி உங்களிடம் மூன்று முறை, நான்கு முறை கேட்டேன். அவளுடைய நம்பர் என் போனில் இருந்தது. ஒருமுறை அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

மாமி முதலில் என்னிடம்தான் கேட்டா, பிள்ளை கனடாவில் படிக்கலாமோ, உன்னோடு இருக்கலாமோ என்று. இடமில்லை மாமி, அக்காவிடம் பெரிய வீடு இருக்கிறது என்றேன். என் வீட்டில் ஓர் அறை சும்மா இருக்கிறது, அக்கா. தூண்டில்கள், ஐஸ் துளைபோடும் மெசின், பழைய கூடாரம் ஒன்று, எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருக்கிறேன். அதற்கு ஹீற்றிங்கும் உண்டு.

நேற்று அவளுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. ஈமெயில் போட்டிருக்கிறேன்.

சஞ்சீவன்

பாபகூரா
14 செப்ரெம்பர் 2025

மதிப்புக்குரிய சஞ்சீவன் அண்ணாவுக்கு,

வணக்கம். நானும் இவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன்.

நாங்கள் பாபகூராவுக்கு வந்து இரண்டு கிழமை. கூடாரம் கொண்டுவந்து தந்த ஜெயபாலன் அங்கிளின் வீடு. ஆஸ்பத்திரி விஷயம் கேள்விப்பட்டு வந்து, “நான் பாட்டுக்கு மீன் பிடிக்கிற சாமான்னு நெனச்சுத் தூக்கிட்டு வந்தேன்மா. ரூம் ஒண்ணு சும்மாதான் கிடக்கு, கிளம்புங்க” என்றார். இவர் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறார். இருமல் குறைந்துவிட்டது.

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தீர்கள். பதில் எழுதப் பிந்திவிட்டது. ஒன்று சொல்லவேண்டும். துவாரத்தை அடைத்தது நான்தான். போர் முடிந்த பிறகு முகாமில் இரண்டு வருடம் கூடாரத்தில் இருந்தோம், எனக்குப் பதின்மூன்று வயது. அங்கே எல்லாப் பக்கத்தாலும் காற்று வரும். கிடைத்த துணியையெல்லாம் அடைப்பதுதான் என் வேலை. கூடாரம் என்றால் காற்று நுழையும், அடைக்கவேண்டும், அப்படித்தான் எனக்குத் தெரியும். காற்று வராத கூடாரம் ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை.

அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவ கராஜுக்குள் வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கூடாரத்துக்குள் தலையை நீட்டுவா. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அம்மாவுக்கு, இரண்டு யன்னல் உள்ள அறை என்று சொல்லியிருந்தேன். கூடாரத்துக்கு இரண்டு யன்னல் இருந்தது.

அதைத் துடைத்துக் காயவைத்துப் பைக்குள் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். திருகாணிகள் பாவிக்கவில்லை, பொலித்தீனோடு அப்படியே இருக்கின்றன.

இப்படிக்கு
கம்சாயினி

பிளாட் புஷ்
5 ஒக்ரோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

குளிர் போய்விட்டது. பிரணவிக்குப் பள்ளிக்கூட விடுமுறை. உன் முதுகுக்கு வைத்தியரைப் பார்த்தாயா?

கராஜ் இப்போது வெறுமையாக இருக்கிறது. இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று கீதன் சொன்னார். இல்லை என்றேன். போன கிழமையும் இல்லை என்றேன். எத்தனை கிழமைக்கு இப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலே இருக்கும் ஒஃபிஸ் மேசையை எங்கள் அறைக்குள் போடுவோம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நிருஜா திரும்பவும் கூடாரத்தைக் கேட்டு வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹீற்றர், துவாரம், ஆஸ்பத்திரி, ஹுனுவா என்று நான் சொன்ன பொய், ஒன்றும் விடவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “அப்ப அந்த ஓட்டையை மூடாமல் விடச் சொல்லோணும் என்ன. நல்லவேளை சொன்னனி. பழசெண்டாலும் பரவாயில்லை, விலையைச் சொல்லு.”

விற்கவில்லை. எறியவும் இல்லை. காருக்குப் பக்கத்தில் பைக்குள் கிடக்கிறது.

இன்று ஞாயிறு. மாமி எடுக்கமுதல் நானே எடுத்தேன். அவ ஏதும் கேட்பதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று, “மாமி, கம்சாயினிக்கு நாங்கள் அறை குடுக்கேல்லை. கராஜிலதான் வைச்சிருந்தனாங்கள், கூடாரம் அடிச்சு” என்றேன்.

“தெரியும் பிள்ளை” என்றா. “அவள் ஒண்டும் சொல்லேல்லை. வீடியோவில கதைக்கேக்க அவளுக்குப் பின்னால சுவர் ஆடிச்சுது. ஆடுற சுவர் எனக்குத் தெரியாதே?”

நான் எப்போதிருந்து என்று கேட்டேன். ஜூன் மாதத்திலிருந்து என்றா.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தா, தம்பி. ஒவ்வொரு ஞாயிறும், இருக்க இடம் குடுத்தனி, நல்லாயிருப்பாய் என்று சொன்னா. ஏன் மாமி கேட்கவில்லை என்றேன்.

“நீ வெக்கப்படுவாய் எண்டுதான்” என்றா. பிறகு, “சாப்பிட்டியோ பிள்ளை?” என்று கேட்டா.

ஓம் என்றேன்.

நிசாந்தினி